ஒற்றையடிப் பாதையும் காட்டு உயிர்களும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அப்பா, இந்தத் தடவை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" பட்டணத்துப் பேரங்காடிக்குப் போனால் வாசலிலிருந்தே செலவு. கடற்கரைக்குப் போனால் நீச்சல் தெரியாத பிள்ளைகளை நினைத்துப் பயம். இதற்கிடையில், நம் நாட்டில் எத்தனையோ இயற்கைப் பூங்காக்களும் வனக் காப்பகங்களும் பொதுமக்கள் நடந்து பார்ப்பதற்கென்றே பாதை போட்டு வைத்திருக்கின்றன. அவை வெளிநாட்டுப் பயணிகளுக்கான இடம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எண்ணம் தவறானது. அந்தப் பாதைகள் நமக்கும் உரியவை. ஆனால் அங்கே நாம் விருந்தாளிகள். வீட்டுக்காரர்கள் வேறு: குரங்கு, கொக்கு, உடும்பு, நீர்நாய், நண்டு. அவர்களுக்குத் தொல்லை கொடுக்காமல் அந்தப் பாதையில் போய் வருவது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் பாதை என்பது என்ன என்று பார்ப்போம். மனிதர் வழி தவறாமல் போவதற்கு ஒரு பாதை. அதோடு, மனிதர் எந்த இடத்தில் வருவார்கள் என்று விலங்குகளுக்குத் தெரியப்படுத்தும் ஓர் அடையாளமும் அதுவே. இதைப் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாள்தோறும் அதே நிரையில், அதே நேரத்தில், மரத்துக்கு மரம் நகர்ந்து போகும் தொழிலாளியைக் கண்டு அணில் ஓடுவதில்லை. மீன்கொத்தி கால்வாய்க் கம்பை விட்டு எழுவதில்லை. அதே நிரையில் ஒரு நாள் கிராணி ஐயா புது ஆளாகக் குறுக்கே நடந்து வந்தால், சுற்றிலும் ஒரே கீச்சுக் குரலாக இருக்கும். பழகிய வழியில் வரும் மனிதன் ஆபத்தில்லாதவன்; வழக்கமில்லாத இடத்திலிருந்து புதருக்குள் முளைத்து வருகிறவன் வேட்டைக்காரன். விலங்கின் கணக்கு இவ்வளவே. காட்டிலும் அப்படித்தான். பாதையிலேயே நடப்பவரை ஒரு மான் சற்றுத் தொலைவிலிருந்து நின்று பார்க்கும். பாதையை விட்டு நாலு அடி உள்ளே வைத்துவிட்டால், அதைவிட வெகுதூரத்தில் இருக்கும்போதே ஓடிவிடும்.

செம்பனைத் தோட்டத்திலிருந்து கேட்கிற நேயர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. எலியைக் கட்டுப்படுத்த நிர்வாகம் கம்பத்தின் மேல் ஆந்தைப் பெட்டி வைத்திருக்குமே, அதைப் பார்த்திருப்பீர்கள். குலை வெட்டுகிறவர்கள் கீழே நாள் முழுதும் நடமாடினாலும் ஆந்தை பெட்டிக்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஏணி வைத்து ஏறி அடிக்கடி எட்டிப் பார்த்தால் முட்டையை விட்டுவிட்டுப் பறந்து போகும். கீழே நடப்பது வழக்கம். மேலே ஏறுவது அத்துமீறல். வனப் பாதைக்கும் சட்டம் இதுதான்.

"ஆசிரியரே, பாதை சேறாகக் கிடந்தால் என்ன செய்வது? ஓரமாகப் போனால்தான் என்ன?" என்று கேட்கலாம். என் மாணவர்களும் இதைத்தான் கேட்பார்கள். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்த பிள்ளை சேற்றில் கால் வைக்குமா? ஆனால் ஒருவர் ஓரமாக மிதித்தால் அங்கே புல் படுக்கும். பத்துப் பேர் மிதித்தால் செடி சாகும். நூறு பேர் மிதித்தால் அதுவும் பாதையாகிவிடும். மழை பெய்ததும் அதுவும் சேறாகும். பிறகு அதற்கும் ஓரமாக ஒருவர் போவார். இப்படி இரண்டு அடிப் பாதை பத்து அடியாக விரிவதை எத்தனையோ பூங்காக்களில் காணலாம். மண் இறுகிப் போனால் மழைநீர் உள்ளே இறங்காது. மேலாக ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும். மரத்தின் வேர்கள் வெளியே தெரியும். மேட்டுத் தோட்டங்களில் படிக்கட்டு போல் மண் வெட்டி, மண் மூடும் கொடி போட்டு, குழி தோண்டி மழைநீரைத் தடுப்பது எதற்கென்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். காட்டில் அந்த வேலையைப் புல்லும் இலைச் சருகும் செய்கின்றன. அவற்றை நாம் மிதித்து அழிக்கக்கூடாது.

சிங்கப்பூரில் புக்கிட் தீமா இயற்கைக் காப்பகம் இருக்கிறது. அளவு ஏறக்குறைய 163 ஹெக்டர்தான். நம்முடைய ஒரு சிறு தோட்டம் அளவுகூட வராது. நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்கியதில் பாதைகளும் சரிவுகளும் தேய்ந்துவிட்டன. 2014ஆம் ஆண்டு அதை மூடிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. முழுமையாகத் திறக்க 2016ஆம் ஆண்டு ஆனது. அந்த மக்கள் கெட்டவர்கள் அல்லர். காட்டை நேசித்துப் போனவர்களின் கால்களே காட்டைத் தேய்த்தன. ஆகவே சேறு வந்தால் சேற்றிலேயே நடந்து போங்கள். பழைய செருப்போ, தோட்டத்து ரப்பர் காலணியோ போட்டுக்கொண்டால் போதும். திரும்பி வந்து கழுவிக்கொள்ளலாம்.

இப்போது கோலசிலாங்கூருக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர். அதைச் சுற்றித் தமிழர் வாழும் தோட்டங்கள் ஏராளம். புக்கிட் மெலாவத்தி என்னும் குன்றின் மேலே பழைய கோட்டையும் கலங்கரை விளக்கமும் உள்ளன. குன்றின் அடிவாரத்தில், கடலை ஒட்டி, 1987ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இயற்கைப் பூங்கா இருக்கிறது. கண்டல் மரக் காடு, உவர்நீர் ஏரி, கடல் அணைக்கரை மீது நீண்ட நடைபாதை. நடக்கத் தெரிந்த எவருக்கும் ஏற்ற இடம்.

குன்றின் மேலே போகிற குடும்பங்கள் முதலில் காண்பது லோத்தோங் குரங்குகளை. சாம்பல் நிற உடல், உச்சியில் கூம்பு போல் நிற்கும் முடி, நீண்ட வால், சாதுவான முகம். தாயின் மார்பில் ஒட்டியிருக்கும் குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறித் தாயைப் போல் ஆகிவிடும். தாய் ஒன்றே குட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. கூட்டத்திலுள்ள மற்றப் பெண் குரங்குகளும் வாங்கி வைத்துக்கொள்ளும். லயத்தில் அடுத்த வீட்டு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொள்வது போல! பிள்ளைகளுக்கு இதைக் காட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் நகரமாட்டார்கள்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ரொட்டி வாங்கிக் கொடுக்கிறோம். வேர்க்கடலை, பிஸ்கட், பழம், மிச்சமிருக்கும் நாசி லெமாக், எதையும் விடுவதில்லை. லோத்தோங் இலை தின்னும் குரங்கு. அதன் வயிறு மாட்டின் வயிற்றைப் போல் பல அறைகள் உள்ளது. அந்த அறைகளில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கச் செய்கின்றன. ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: ஆசையாகச் சோற்றை அள்ளிப் போட்டால் ஆடு என்ன ஆகும்? வயிறு உப்பி, மூச்சு முட்டி, விடிவதற்குள் செத்துக் கிடக்கும். மாவும் இனிப்பும் லோத்தோங்கின் வயிற்றிலும் அதே கேட்டைச் செய்யக்கூடியவை. அது கை நீட்டி வாங்கித் தின்கிறதே என்பீர்கள். ஆடும் வாயைத் திறந்துதான் தின்றது.

நீண்ட வால் குரங்கின் கதை வேறு. மலாய்க்காரர்கள் கெரா என்று சொல்லும் அந்தக் குரங்குக்கு எதைத் தின்றாலும் செரிக்கும். அதற்குக் கெடுதல் வருவது பழக்கத்தினால். இதைப் பற்றிப் பேசும்போது பத்துமலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 272 படி ஏறும் பக்தர்களின் கையிலிருந்து வாழைப்பழத்தையும் தேங்காய் மூடியையும் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்குகளை அறியாத தமிழர் இந்நாட்டில் யார்?

இங்கே நம் பாட்டிமார்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். குரங்குக்குப் பழம் கொடுப்பது ஆஞ்சநேயருக்குக் கொடுப்பது போல, புண்ணியம் என்று எண்ணித்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். அந்த மனத்தை நான் குறை சொல்லமாட்டேன். உயிர்களுக்கு இரங்கும் மனம் அது. ஆனால் கொடுத்த பிறகு அந்தக் குரங்குக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? கையில் பழம் கண்ட குரங்கு, மறுநாள் பையைக் கண்டால் பழம் என்று நினைக்கும். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே ஓடி வரும். பெரியவர்களிடம் தோற்றால் சிறுபிள்ளையிடம் பிடுங்கும். பிள்ளை கொடுக்க மறுத்தால் கடிக்கும். கடித்தால் பெற்றோர் புகார் கொடுப்பார்கள். புகார் வந்தால் அதிகாரிகள் கூண்டு வைப்பார்கள். சில வேளைகளில் சுட்டுக் கொல்வார்கள். எளிதாகத் தீனி கிடைக்கும் இடத்தில் கூட்டம் பெருகும். பெருகிய கூட்டம் சாலைக்கு வரும். வண்டிச் சக்கரத்தில் மாட்டும். பழம் கொடுத்த பாட்டிக்கு இவை எதுவும் தெரியாது. அவர் வீட்டுக்குப் போய்விட்டிருப்பார். புண்ணியம் தேடித்தான் கொடுக்கிறோம் என்றால், கோயில் அன்னதானத்துக்கு அந்தக் காசைக் கொடுக்கலாமே! குரங்குக்கு வேண்டிய இலையும் காயும் மரத்தில் இருக்கின்றன.

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தீனி போடுவது சட்டப்படி குற்றம். முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்துக்குப் பயந்து ஒரு பழக்கத்தை விடுவதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. ஆனாலும் சில பழக்கங்கள் வேறு வழியில் போவதாகத் தெரியவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குரங்கைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்காதீர்கள்; குரங்கு மொழியில் பல்லைக் காட்டுவதற்கு வேறு பொருள் உண்டு. கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதும் சண்டைக்கு அழைப்பது போலத்தான். தின்பண்டத்தை மூடிய பைக்குள் வைத்து, பையை முன்பக்கமாக அணைத்துக்கொள்ளுங்கள். குரங்கு எதையாவது பிடித்துவிட்டால் இழுக்காமல் விட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடவும் வேண்டாம், கூச்சலிடவும் வேண்டாம். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்கவேண்டாம்.

குரங்குகளிடமிருந்து கொசு மூலம் மனிதருக்கு வரும் மலேரியாவும் ஒன்று உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா 2018ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக்குள் தோன்றவில்லை. ஆனால் இந்தக் குரங்கு மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வருகிறது. காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கே அது அதிகம். மாலை மங்குவதற்குள் காட்டுப் பாதையை விட்டு வெளியே வந்துவிடுவதும், முழுக்கைச் சட்டை போடுவதும் நல்லது. காட்டுக்குப் போய் வந்து சில நாள் கழித்துக் காய்ச்சல் கண்டால், போய் வந்த செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குன்றை விட்டுக் கீழே இறங்கிக் கடலோரப் பாதைக்குப் போவோம். செப்டம்பர் மாதம் தொடங்கி ஏப்ரல் வரை அந்தச் சேற்றுக் கரையில் உள்ளான் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். கைக்குள் அடங்கும் சிறு பறவைகளும் அவற்றில் உண்டு. அவை எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? வடக்கே, பனி உறையும் சைபீரியாவிலிருந்து! அங்கே குளிர் தொடங்கும்போது புறப்பட்டு, ஆசியாவின் கரையோரமாகப் பறந்து நம் நாட்டுக்கு வருகின்றன. சில இங்கேயே தங்கும். சில ஆஸ்திரேலியா வரை போகும். நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தது ஒரு தடவை. இவை ஆண்டுக்கு இரண்டு தடவை கடல் கடக்கின்றன.

கடல் வற்றும்போது சேற்றில் புழுவையும் சிறு நண்டையும் பொறுக்கித் தின்பதும், வெள்ளம் ஏறும்போது கரைப்பக்கம் ஒதுங்கி ஓய்வெடுப்பதும் இவற்றின் அன்றாட வேலை. ஒற்றைக் காலில் நின்று தூங்குவதைப் பார்த்தால் சும்மா இருப்பதாகத் தோன்றும். சும்மா இல்லை. திரும்பிப் போகும் பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கின்றன. அதுதான் அவற்றுக்கு வழிச்செலவு. ஒரு பிள்ளை கைதட்டிக்கொண்டு ஓடினால் முந்நூறு பறவை ஒரே அலையாக எழும்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. தீனியும் தடைப்படுகிறது. காலையிலிருந்து மாலை வரை பத்துக் குடும்பம் வந்து ஆளுக்கொரு முறை விரட்டினால் அதன் கதி என்ன? தோட்டத்துத் தொழிலாளி மாதம் முழுதும் சேர்த்த காசை யாரோ நாளுக்கு ஒரு வெள்ளியாக எடுத்துக்கொண்டே போவது போலத்தான். ஊருக்குப் புறப்படும் நாளில் பயணச்சீட்டுக்குப் பணம் இருக்காது.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? இத்தனை அடி என்று எல்லா உயிருக்கும் ஓர் அளவு சொல்ல முடியாது. பறவையைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். தின்றுகொண்டிருந்தது தலையைத் தூக்கினால் உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். அப்படியே நின்றுவிடுங்கள். மறுபடி குனிந்து தின்னத் தொடங்கினால் அந்தத் தூரம் சரி. நடந்து விலகத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டீர்கள். இரண்டடி பின்னால் போங்கள். பறக்கும் வரை போய்ப் பார்ப்பவருக்குப் பறவையின் முதுகுதான் தெரியும். பூங்காவில் ஒளிந்து பார்க்க மறைவிடங்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் உட்கார்ந்து பார்ப்பதே மேல். நிற்பதைவிட உட்கார்வதும், கை நீட்டிக் காட்டுவதைவிட வாயால் மெல்லச் சொல்வதும் நல்லது.

கண்டல் காட்டின் சேற்றில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள், தண்ணீரை விட்டு வெளியே வந்து துள்ளும் சேற்று மீன்கள். கால் பட்டதும் எல்லாம் வளைக்குள் மறைந்துவிடும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். என் மாணவன் ஒருவன், வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இராதவன், நண்டைப் பார்ப்பதற்காகக் கால் மணி நேரம் சிலை போல நின்றான். வகுப்புக்கும் ஒரு நண்டைக் கொண்டு வரலாமா என்று அன்று யோசித்தேன்!

கோலசிலாங்கூர் வரை போகிறவர்கள் இரவில் கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் பார்க்க விரும்புவார்கள். அது படகில் போவது; பாதை அல்ல. ஆனால் அங்கும் இதே நியாயம் உண்டு. ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாக மின்னுவது நமக்குக் காட்டும் வாணவேடிக்கை அன்று. ஆண் பூச்சி பெண் பூச்சியைக் கூப்பிடும் பேச்சு அது. கைப்பேசியின் வெளிச்சத்தையும் கைவிளக்கையும் அதன்மேல் அடித்தால், இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒலிபெருக்கி வைப்பது போலாகும். படமும் நன்றாக விழாது.

ஒலிபெருக்கி என்றதும் நினைவு வருகிறது. இந்நாளில் பலர் கையடக்கமான பாட்டுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். பாட்டு கேட்க வீடு இருக்கிறது, பேருந்து இருக்கிறது, வானொலியும் இருக்கிறது. அதற்கு மேல் இதைப் பற்றி நான் சொல்வதாக இல்லை.

சிறிது பெரிய பயணம் போக முடிந்தவர்கள் தாமான் நெகாராவுக்குப் போகலாம். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் பெருங்காடு. 1930களின் இறுதியிலேயே பாதுகாக்கப்பட்டது. அங்கே காட்டுக்குள் சில இடங்களில் உப்பு மண் உண்டு. இலையும் தழையும் தின்னும் விலங்குகளுக்கு வேண்டிய உப்புச்சத்து தீனியில் போதாது. அதனால் கடமானும் தெனுக்கும் இரவில் அங்கே வந்து மண்ணை நக்கும், நீரைக் குடிக்கும். அந்த இடங்களை நோக்கிக் கட்டிய உயரமான மறைவிடங்களைப் பும்புன் என்பார்கள். இரவு தங்கிக் காத்திருக்கலாம். காத்திருக்கும்போது புகை பிடிப்பது, சம்பல் டப்பாவைத் திறப்பது, நிமிடத்துக்கு ஒரு தடவை விளக்கடிப்பது இவையெல்லாம் கூடாது. விலங்குக்கு மூக்கு நம்மைவிடக் கூர்மை. ஒரு நாள் வராமல் போனால் நமக்கு ஏமாற்றம். நாள்தோறும் வர முடியாமல் போனால் அதற்கு உப்பு இல்லை. அந்தக் காட்டிலேயே பாத்தேக் மக்கள் என்னும் பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். பாதையோரம் அவர்களுடைய குடிசைகளைக் காண நேரலாம். அது ஒருவர் வீடு. கேட்காமல் உள்ளே எட்டிப் பார்ப்பதும் பிள்ளைகளைப் படம் எடுப்பதும் நம் லயத்துக்கு யாராவது வந்து செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பெருங்காட்டுப் பாதைகளில் இருவாய்ச்சிப் பறவையைப் பார்க்கலாம். பெரிய அலகின் மேல் இன்னோர் அலகு வைத்தது போன்ற தோற்றம். பறக்கும்போது இறக்கைச் சத்தம் நீராவி ரயில் போலக் கேட்கும். மலேசியாவில் பத்து வகை உண்டு. இதன் குடும்ப வாழ்க்கை வியப்பானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டு, வாசலை அடைத்துவிடும். சில வகைகளில் மூன்று நான்கு மாதம் வரை வெளியே வராது. அத்தனை நாளும் ஆண் பறவைதான் பழம் கொண்டு வந்து ஊட்டும். இப்போது நினைத்துப் பாருங்கள். கூட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நாம் அந்த மரத்தடியிலேயே துணி விரித்துச் சாப்பிட உட்கார்ந்தால், வாயில் பழத்தோடு வந்த ஆண் பறவை தூரத்து மரத்தில் நின்றுவிடும். உள்ளே இருப்பவளும் குஞ்சும் பசியோடு காத்திருப்பார்கள். மரப்பொந்தோ கூடோ கண்ணில் பட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்த இடத்தைக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் அறிவிக்கவும் வேண்டாம். பறவை பிடிக்கிறவர்களும் அந்தச் செய்தியைப் படிப்பார்கள்.

நாயைக் கூட்டிப் போகும் வழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. வீட்டு நாய் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். காப்பகத்துக்கு மட்டும் வேண்டாம். நாய் ஒன்றையும் பிடிக்காவிட்டாலும் அதன் வாடையே காட்டு உயிர்களுக்கு அச்சம். அதோடு நோயும் போகும். 2019ஆம் ஆண்டு திரெங்கானு மாநிலம் டுங்குன் வட்டாரத்தில் ஒரு புலி பட்டப்பகலில் ஊருக்குள் தள்ளாடி வந்தது. பிடித்துச் சிகிச்சை செய்தும் சில நாளில் இறந்தது. சோதித்தபோது அதற்கு இருந்தது டிஸ்டெம்பர் என்னும் நாய்க் காய்ச்சல். மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியிருக்க, ஒரு புலி போவது சிறிய இழப்பா?

கண்ணியைப் பற்றியும் மறைக்காமல் பேசிவிடுவோம். காட்டுப்பன்றிக்கென்று கம்பிக் கண்ணி வைப்பவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். கம்பிக்குப் பன்றி எது, மான் எது, புலி எது என்று தெரியாது. கால் மாட்டிய விலங்கு நாள் கணக்கில் இழுத்து இழுத்துக் காலையே இழக்கும். அல்லது அங்கேயே பட்டினியால் சாகும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது கடுங்குற்றம். சிறைக்குப் போனவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாதையோரம் கம்பி வளையம் எதையாவது கண்டால் கை வைக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு, பூங்கா ஊழியரிடமோ பெர்ஹிலித்தான் அலுவலகத்திலோ சொல்லுங்கள்.

குப்பையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம் என்று நினைக்கிறேன். பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறோம். ஒன்று மட்டும். ஆரஞ்சுத் தோலும் ரம்புத்தான் கொட்டையும் மக்கிப்போகும் பொருள்தானே என்று பலர் வீசிவிடுகிறார்கள். மக்குவதற்கு முன் அந்த வாடைக்கு எலி வரும், குரங்கு வரும். பாதையோரம் தீனி கிடைக்கும் என்று அவை பழகிவிடும். கொண்டு போன பையிலேயே திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள்.

இனிப் புறப்பாடு. காலை ஏழு, எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் விலங்குகளும் நடமாடும், வெயிலும் ஏறியிருக்காது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டையை விட்டுவிட்டுப் பச்சையோ பழுப்போ போடுங்கள். வேலைக்குப் போடும் பழைய முழுக்கைச் சட்டையே போதும். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர். மழைக்காட்டில் அட்டை கடிக்கும். புகையிலை ஊறிய தண்ணீரில் காலுறையை நனைத்துக் காய வைத்துப் போட்ட தாத்தாக்களின் உபாயம் இன்னும் பலிக்கிறது. பத்துப் பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்து, சற்று இடைவெளி விட்டு நடங்கள். கைக்குழந்தை உள்ள குடும்பம் குட்டையான பாதையைத் தேர்ந்தெடுக்கட்டும். களைத்த குழந்தையின் அழுகையை எந்த அறிவிப்புப் பலகையாலும் நிறுத்த முடியாது. பிள்ளைகளிடம் "பேசாதே, பேசாதே" என்று அதட்டிக்கொண்டே நடந்தால் உங்கள் குரல்தான் காடெங்கும் கேட்கும். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, கேட்ட சத்தங்களையும் பார்த்த உயிர்களையும் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவன் பேசமாட்டான்.

கோலசிலாங்கூருக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கடல் ஏறி இறங்கும் நேரத்தை முதல் நாளே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறத் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பே போய் மறைவிடத்தில் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் பறவையைத் தேடிப் போக வேண்டியதில்லை. தண்ணீர் ஏற ஏற, அவை தாமாகவே கரைப்பக்கம் வந்து இறங்கும்.